பழஞ்சுவரைக் காக்கும் கைகள்

திருப்பணி மலர்களில் ஸ்தபதியும் சிற்பியும் பாராட்டப்படுவது முறைதான். பூத்துப்போன சாந்தைச் சுரண்டி, உளுத்த செங்கல்லை மாற்றி, மதிலை நிமிர்த்திய கொத்தனாரின் பெயர் அவற்றில் அபூர்வமாகவே வருகிறது.

நம்மிடம் கோயில் கட்டும் கலைக்குப் பரம்பரைக் குருகுலம் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய கல்விக்கூடம், கணபதி ஸ்தபதியின் நெடிய தலைமையில் அந்த மரபைப் பாடத்திட்டமாக்கியது. இரண்டுமே முதன்மையாகப் படைக்கக் கற்றுத்தருபவை. பழுதுபார்ப்பதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். எங்கே கைவைக்கக் கூடாது என்பதே அதன் முதல் பாடம். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877-இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இதை உணர்ந்து, 1930 முதல் இளைஞர்களைப் பழைய கட்டடங்களுக்கே அனுப்பிப் பழக்குகிறது.

நம் ஊரில் அந்தப் பாடம் சுண்ணாம்பில் தொடங்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் குழைக்கிறார்கள். பதம் பார்ப்பது கரணைதான்: சாந்து அதில் ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இழுத்தால் வழுக்கி வர வேண்டும். சுவரை நனைக்காமல் பூசினால் செங்கல் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு வெடிக்கும். அவசரமாக அடுத்த பூச்சு ஏற்றினாலும் கெடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி மெல்லத்தான் இறுகும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் சிமெண்ட் அப்பிவிடுகிறார்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து பொரித்துத் தள்ளுகிறது. புதுப்பூச்சு பளபளக்க, உள்ளே பழஞ்செங்கல் மாவாகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

தர அளவுகள் இல்லாமலில்லை. கட்டடச் சுண்ணாம்பை வகைப்படுத்த ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஈடுசெய்த பகுதி முழுமையோடு இசையவும் வேண்டும், பழையதிலிருந்து வேறாகத் தெரியவும் வேண்டும் என்கிறது 1964-இன் வெனிஸ் சாசனம். பூஜை நடக்கும் கோயிலில் இரண்டாவதை ஏற்பது கடினம். குறைந்தது எதை மாற்றினோம் என்று படமும் குறிப்புமாகப் பதிவுசெய்யலாமே.

மரபுக் கைவேலையை மதித்துச் செய்த பணிக்கு மரியாதை கிடைக்காமலும் இல்லை. 2017-இல் ஸ்ரீரங்கம், 2024-இல் கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் என யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகள் வந்தன. அத்தகைய பணி ஒவ்வொன்றிலும் மூத்த கொத்தனாரின் பக்கத்தில் இரண்டு இளைஞர்களை முதல் நாள் முதல் குடமுழுக்கு வரை நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக்கும் மணலுக்கும் ஒதுக்குவதுபோல் அவர்களின் கூலிக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.