மெம்செக்கின் பொறுமை

சி நிரல்களின் மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லோரும் லீக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். 'டெஃபினிட்லி லாஸ்ட்' எத்தனை பைட், கடைசியில் 'நோ லீக்ஸ் ஆர் பாசிபிள்' வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய ருசி இல்லை. மால்லாக்கையும் ஃப்ரீயையும் ஜோடி சேர்த்துப் பார்க்க ஜிலிப்சியோடு வரும் எம்ட்ரேஸே போதும். வால்கிரைண்டின் முக்கியக் கருவியான மெம்செக்கின் மேதைமை முழுவதும், யாரும் எழுதாத மெமரியை அது நடத்தும் விதத்தில் இருக்கிறது.

ஒரு ஸ்ட்ரக்ட். முதலில் ஒரு கேரக்டர், அடுத்து ஒரு இன்ட். நடுவே கம்பைலர் விட்ட 3 பைட் பேடிங்கில் யாரும் எதையும் எழுதியதில்லை. மெம்காப்பி செய்தால் அந்த மூன்றும் கூடவே போகும். அங்கேயே கூச்சல் போடும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்ல நிரல்கள்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். மெம்செக் பேசாமல் இருக்கிறது. மெமரியின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட் வைத்து, இதற்கு மதிப்பு வந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. மதிப்பு நகர்ந்தால் நிழலும் நகர்கிறது. கூட்டல், கழித்தல், ஷிஃப்ட் எல்லாவற்றிலும் பின்தொடர்கிறது. ஒரு 'இஃப்' எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அந்தக் குப்பை தீர்மானிக்கும்போதோ, அது முகவரியாகும்போதோ, சிஸ்டம் காலுக்குள் நுழையும்போதோதான் வாயைத் திறக்கிறது.

இதிலும் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 'ஆண்ட்' செய்யும்போது ஒரு பக்கம் குப்பை, மறுபக்கம் நன்கு தெரிந்த 0. விடை 0 என்பதில் சந்தேகமே இல்லை. மெம்செக்கும் அந்த விடையைத் தெரிந்த மதிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. பிட்ஃபீல்டில் ஒரே ஒரு ஃபிளாகை செட் செய்யுங்கள்; அதே பைட்டின் மற்ற ஏழு பிட்டும் இன்னும் குப்பை என்பதை அது மறப்பதில்லை. ஜூலியன் சீவர்டும் நிக்கலஸ் நெதர்கோட்டும் இதையெல்லாம் 2005இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். பிசிப்2வை எழுதிய அதே சீவர்ட்தான். இதே வகைக் கருவியான பியூரிஃபையை எழுதிய ரீட் ஹேஸ்டிங்ஸ் (பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர்) எனக்கும் மரியாதைக்குரியவரே. ஆனால் பியூரிஃபை பைட் அளவோடு நின்றுவிட்டது; பிட் வரை இறங்கவில்லை.

மைசூரில் எங்கள் மண்டி மொஹல்லாவில் ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்பவர்கள், துண்டைப் பதித்ததும் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விரலுக்குத் தெரியும். '10 பைட் பிளாக்குக்கு 0 பைட் பின்னால்' என்று மெம்செக் சொல்லும் வரியும் எனக்கு அப்படித்தான். ஸ்டிரிங்லென்னோடு 1 கூட்ட மறந்த கை அது. 64 பிட் லினக்ஸில் 10 பைட் கேட்டால் ஜிலிப்சி 24 வரை இடம் தருவதால், 11ஆவது பைட்டில் விழுந்த 'நல்' குறி யாரையும் தொந்தரவு செய்யாது. வருடக்கணக்கில் நிரல் சரியாகவே ஓடும். மெம்செக் மட்டும் முதல் ஓட்டத்திலேயே சொல்லிவிடும்.

போட்டிக் கருவியான அட்ரஸ் சானிடைசரின் ரசிகர்களின் வாதம் எனக்குத் தெரியும். 2012இல் வந்தபோதே சராசரியாக 73 சதவீதம்தான் வேகம் குறைந்தது; மெம்செக்கில் நிரல் பத்து முதல் முப்பது மடங்கு வரை மெதுவாகிறது. ஸ்டாக்கிலும் குளோபல் அரேயிலும் வரம்பு மீறினால் அது பிடிக்கும், மெம்செக் கோட்டை விடும். மறுக்கவில்லை. ஆனால் எழுதப்படாத மதிப்பை அட்ரஸ் சானிடைசர் பார்ப்பதே இல்லை. அதற்கு மெமரி சானிடைசர் என்று தனியாக ஒன்று வேண்டும், நிரலோடு அதன் லைப்ரரிகளையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஐஐடி மெட்ராஸில் காமகோடி குழுவினர் 2019இல் வெளியிட்ட சக்தி-எம்எஸ், வரம்பு மீறலையும் ஃப்ரீ செய்த பின் தொடுவதையும் பிராசசரிலேயே பிடிக்கிறது. நம் ஊர்ச் சாதனை, பெருமைதான். இருந்தாலும் பிழை எங்கே பிறந்தது, எப்படி நடந்து வந்தது என்று உட்கார்ந்து படிக்க எனக்கு மெம்செக்தான் வேண்டும்.

படிப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எச்சரிக்கை வந்தால், இனி அது காட்டப்படாதபடி சப்ரஷன் ஃபைலில் ஒட்டிவிட்டு நகர்வதே வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. இதன் விலை என்னவென்று டெபியன் உலகத்துக்கே காட்டியது. 2006இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் வால்கிரைண்ட் புகார் சொன்னது என்பதற்காக, பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகளை எடுத்தார்கள். ஒன்றை எடுத்ததில் பாதகமில்லை. மற்றொன்றின் வழியாகத்தான் ரேண்டம் எண்களுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். ஒரே வகை, ஒரே நீளச் சாவிக்கு 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. கருவி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதைப் பொறுமையாகக் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சி எழுதும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அறிக்கையின் முதல் பிழையை மட்டும் எடுங்கள். பின்னால் வருபவை பல நேரம் அதன் பிள்ளைகள். டிராக்-ஒரிஜின்ஸை 'யெஸ்' ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். மெம்செக்கின் வேகம் பாதியாகும், நூறு மெகாபைட்டாவது கூடுதலாகத் தின்னும். அந்தக் குப்பை எந்த மால்லாக்கில் பிறந்தது என்று காட்டும் வரை காத்திருங்கள். சப்ரஷன் ஃபைலை அதற்கு முன் திறக்காதீர்கள்.