எக்ஸ்பியில் பறக்கும் தமிழ்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. திருவண்ணாமலையில் நான் டிடிபி வேலை பார்க்கும் கடையில் அது இன்றைக்கும் ஓடுகிறது. ஓடுகிறது என்றால் போதாது, பறக்கிறது! ஐப்பசி பாதியிலேயே கார்த்திகை தீபத்துக்கான அன்னதான நோட்டீஸ்கள் வரத் தொடங்கிவிடும். பிறகு கிரிவலக் குழுக்களின் போஸ்டர், தண்ணீர்ப் பந்தல் அறிவிப்பு, நடுநடுவே கல்யாணப் பத்திரிகை. எல்லா மேட்டரும் அந்த ஒரே மெஷினில்தான் உருவாகின்றன. பக்கத்து மேசையில் புது லேப்டாப் இருக்கிறது. ஆனாலும் தமிழ் என்று வந்துவிட்டால் நான் உட்காருவது எக்ஸ்பி முன்னால்தான்.

காரணம், அதில் இருக்கும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. எத்தனையோ வருடத்துப் பத்திரிகை டிசைன்கள் எங்களிடம் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. அதற்கு யூனிகோடு தெரியாது. டாம், டாப், பாமினி வகை எழுத்துருக்கள்தான் தெரியும். வாடிக்கையாளர்களோ மேட்டரை வாட்ஸப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலம் போட்டுக் கொடுத்தவர்களைத்தான் நான் மனசாரக் கொண்டாட விரும்புகிறேன்.

முதலில் என்ஹெச்எம் ரைட்டர். கிழக்கு பதிப்பகத்தை நடத்திய நியூ ஹொரைசன் மீடியா, தமிழில் தட்டச்சு செய்வதற்காக இலவசமாகக் கொடுத்த குட்டி மென்பொருள். அதன் அருமை, அது வருவதற்கு முன் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். எக்ஸ்பிக்குள் தமிழ் ஏற்கெனவே இருந்தது, லதா எழுத்துருவும் இருந்தது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் விண்டோஸ் சிடியைக் கேட்கும். அசெம்பிள் செய்து வாங்கிய மெஷினுக்கு சிடிக்கு எங்கே போவது? அதைச் செய்யாமல் விட்டால் 'கோயில்' என்பதில் கொம்பும் காலும் ஒரு பக்கம், ககரம் இன்னொரு பக்கம் எனச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் 'கோ' என்பது முதலில் க, அதன் பிறகு ஓகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது விண்டோஸுக்குள் இருக்கும் யுனிஸ்க்ரைப் என்ற பகுதியின் வேலை. என்ஹெச்எம் ரைட்டரை நிறுவினால் அதுவே இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்துவிடுகிறது. சிடி கேட்பதில்லை. அண்ணாமலையார் கோயில் முழுசாகத் திரையில் வந்து நிற்கும்!

எங்கள் கடையில் மேட்டர் அடிக்கும் அக்கா டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். "தம்பி, இதுல என் பழைய கீபோர்டு இருக்குதா?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார். "இருக்குதுக்கா, அடிச்சுப் பாருங்க" என்று பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இன்ஸ்டிடியூட்டில் பழகிய விரல்கள் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. பாமினி பழகியவருக்குப் பாமினி, ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடிப்பவருக்கு அதுவும் உண்டு. ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் விசைப்பலகை மாறிவிடும்.

நான் அடிப்பது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாக வந்த விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள்: த, இ, ர, உ, வ, ண, ண, ஆ, ம, ல, ஐ. பதினோரு தட்டில் திருவண்ணாமலை வந்துவிட்டது, ஷிஃப்ட் பக்கமே போகவில்லை. இதையே ஆங்கில எழுத்துகளில் அடித்தால் பதினாறு தட்டு, இரண்டு ணகரத்துக்கும் ஷிஃப்ட் தனி. ஒரு நோட்டீஸில் ஊர்ப் பெயர் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள்! தமிழின் புணர்ச்சியை இப்படி விரலுக்குள் இறக்கிவைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அடுத்தது என்ஹெச்எம் கன்வெர்ட்டர். இதுதான் எங்கள் கடையின் உயிர். பழைய எழுத்துருக்களில் 'கோ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால், மூன்று துண்டு. யூனிகோடிலோ இரண்டே துண்டு, வரிசையும் வேறு. வாட்ஸப் மேட்டரை ஒட்டி, எதிலிருந்து எதற்கு என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் மொத்தமும் மாறி வந்து நிற்கிறது. பேஜ்மேக்கரில் கொட்டி, எழுத்துருவை மாற்றினால் அடுத்த நிமிடம் புரூஃப் தயார். அதன் பிறகு பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மேட்டருக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் அதற்குத் தனியாக எழுத்துரு மாற்ற வேண்டும்.

முகுந்தின் எ-கலப்பை, விஸ்வநாதனின் அழகி, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 1985-லேயே தொடங்கிய முரசு அஞ்சல் என்று தமிழ் மென்பொருள் தந்தவர்கள் இந்த வரிசையில் இன்னும் எத்தனையோ பேர். பெரிய நிறுவனங்கள் தமிழைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கியவர்கள் இவர்களில் உண்டு. இவர்கள் பெயர் ஒவ்வொரு அச்சகத்திலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழுக்கு வெளியே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எக்ஸ்பியில் எழுத்துகளைத் திரையில் மென்மையாகக் காட்டும் கிளியர்டைப் என்ற வசதி இருக்கிறது, ஆனால் நாமாகத்தான் அதை இயக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ் என்று போனால் கிடைக்கும். எல்சிடி மானிட்டரில் அதை இயக்கிய பிறகு லதாவின் சுழிகளைப் பாருங்கள், புரூஃப் பார்ப்பவர் கண்ணுக்கு எவ்வளவு இதம்! இன்னொன்று மைக்ரோசாஃப்ட்டே கொடுத்த ட்வீக் யுஐ என்ற குட்டிக் கருவி. டிடிபி கடைக்கு வருபவர் எல்லாரும் பென்டிரைவோடுதான் வருவார்கள், அதில் என்ன வைரஸ் ஏறியிருக்குமோ யாருக்கும் தெரியாது. ட்வீக் யுஐயில் ஆட்டோபிளே பகுதியில் டிரைவ்களின் டிக்கை எடுத்துவிட்டால், செருகியதும் எதுவும் தானாக ஓடாது. பிறகு நிதானமாக ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

இன்டர்நெட் கேபிளை மட்டும் எங்கள் எக்ஸ்பியில் செருகுவதே இல்லை. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷின் அது. வாட்ஸப், மெயில், பணப் பரிமாற்றம் எல்லாம் லேப்டாப்பில். வந்த மேட்டரை டெக்ஸ்ட் ஃபைலாக்கி, ஸ்கேன் செய்த பென்டிரைவில் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவோம்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு பழைய எக்ஸ்பி மெஷின் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஆட்டோபிளேயை அடக்குங்கள். அடுத்து ரைட்டர், அதன் பிறகு கன்வெர்ட்டர், கடைசியாகக் கிளியர்டைப். ட்வீக் யுஐ, ரைட்டர், கன்வெர்ட்டர் மூன்றின் நிறுவும் கோப்புகளையும் இப்போதே ஒரு சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைப் பக்கம் வந்தால் நானே எழுதித் தருகிறேன்; தீபத்துக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம், அப்போது தலைநிமிர நேரம் இருக்காது.