ஏறின கியரிலேயே இறங்கு

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அந்தச் சந்தையில் பேரத்தைவிட எனக்குப் பிடித்தது, பேரம் தொடங்குவதற்கு முந்தைய அரை நிமிடம். வியாபாரி ஒன்றும் பேசாமல் ஆட்டின் கீழுதட்டை விரலால் விலக்குவார். ரெண்டு பல், நாலு பல் என்று வயது தெரிந்துவிடும். பிறகு முதுகெலும்பை ஒட்டி ஓர் அழுத்து. சதை எவ்வளவு என்று கைக்குத் தெரியும். விற்கிறவர் அப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், விலை அங்கேயே முடிவாகிவிட்டது.

அதே அரை நிமிடத்தை அந்த ஊரில் இன்னோர் இடத்திலும் பார்த்தேன். ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை, ஆயில் குடித்துக் கறுத்த மண் தரை, சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். என் பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. முன் டயர் பக்கத்தில் குந்தினார். பக்கச் சுவரில் விரலை ஓட்டி, ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைத் துடைத்துப் பார்த்தார். “பட்டன் இருக்குது சார். ஆனா ரப்பருக்கு வயசாயிடுச்சு.”

அந்த நாலு எண்தான் டயரின் பல். 2317 என்று இருந்தால், 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். அதுவரை எத்தனையோ வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். டயருக்கு வயது எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கச்சேரி, சிற்பம், சமையல் என்று நாம் ரசிப்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். மெக்கானிக் கடை அதில் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் மலையடிவாரத்து மெக்கானிக் கடைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். சமவெளியில் ஓடுகிற வண்டிக்குச் செய்த வேலை அரைகுறையாக இருந்தாலும் கொஞ்ச நாள் தெரியாது. ஒடுகத்தூரிலிருந்து முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைக்கு ஏறி இறங்குகிற வண்டியில் அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

எனக்கும் தெரிந்தது. மலையிலிருந்து திரும்பும்போது, இறக்கம் முழுக்கப் பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். பாதி தூரத்தில் கருகல் வாடை. இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. கைப்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் உரசி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் தானாகவே சரியாகிவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எந்தக் கடையையும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருடம் என்று அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நடந்தது என்ன என்று அவர் விளக்கியதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1200 கிலோ எடையுள்ள ஒரு காரை 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறக்கினால் வெளிப்படும் ஆற்றல், வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் கேன் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பிரேக்கிலேயே இறங்கினால் அவ்வளவு சூடும் நாலு சக்கரத்து இரும்பில்தான் போய் இறங்குகிறது. பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கிற சரக்கு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். அங்கே கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் அழுத்துவதெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகும், பெடலும் நிமிரும். அடுத்த சூட்டுக்கு மறுபடி விழும்.

“ஏர்றதுக்கு இன்ஜின் போதும் சார். எறங்கறதுக்குத்தான் மெக்கானிக் வேணும்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “டிரைவரும் வேணும்” என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்த வேலைதான் நான் சொல்லவந்த கச்சேரி. பிரேக் ஆயில் மாற்றிக் காற்று எடுப்பது. கடைப் பையன் டிரைவர் சீட்டில். அண்ணன் பின்பக்க இடது சக்கரத்தடியில். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து அதுதான் தூரம். சக்கரத்தின் உட்புறம் விரல் நுனி அளவில் ஒரு நிப்பிள். அதில் கண்ணாடி மாதிரியான குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டார்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்ணா.”

“இன்னும் ரெண்டு. புடி.”

“புடிச்சிட்டேன்ணா.”

ஸ்பேனர் கால் சுற்று திரும்பியது. குழாயில் காப்பி நிறத்தில் ஆயில் வந்தது, நடுநடுவே முத்து முத்தாகக் குமிழிகள். ஸ்பேனர் மூடிய பிறகுதான் “உடு” என்ற சொல் வரும். மூடுவதற்கு முன் பையன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். செய்த வேலை அத்தனையும் வீண். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவே ஒரு கார். குரல் மட்டும்தான் தாளம். நிறம் தேன் மாதிரி வெளுத்து, குமிழி நின்று, ஒரே கம்பியாக ஆயில் வரும் வரை விடவில்லை. இடையிடையே டப்பாவில் ஆயில் குறைகிறதா என்று பையனை எட்டிப் பார்க்கச் சொன்னார். நாலு சக்கரமும் முடிந்து நான் பெடலை அமுக்கியபோது, கால் விரற்கடை தூரம் போய்க் கல்லில் இடித்த மாதிரி நின்றது.

காதும் மூக்கும் அவருக்கு இன்னும் இரண்டு ஸ்பேனர்கள். நீள ஸ்குரு டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் ஆங்காங்கே வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். எந்த பேரிங் கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். சக்கரத்திலிருந்து ‘ஹூம்’ என்று முனகல் வந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். இடப்பக்கம் திருப்பும்போது முனகல் கூடினால் கோளாறு வலப்பக்க பேரிங்கில். திருப்பத்தில் பாரம் எதிர்ப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் சூத்திரம். ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்றால் ஃபேன் பெல்ட். இனிப்பான வாடை வந்தால் கூலன்ட் ஒழுகுகிறது. அழுகின முட்டை வாடை என்றால் பேட்டரிக்கு சார்ஜ் அளவுமீறிப் போகிறது. இவ்வளவையும் அவர் பாடமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டியாக வர வர, நான் டீ குடித்துக்கொண்டே பொறுக்கினேன்.

கம்பெனி கொடுக்கும் சர்வீஸ் புத்தகம் கிலோமீட்டரில் பேசும். இவர் மாதத்தில் பேசுகிறார்.

பங்குனி வந்தால் ரேடியேட்டர். சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் மலை ஏறுகிற இன்ஜினுக்கு வெறும் பைப்புத் தண்ணீரை ஊற்றினால் துருவும் உப்பும்தான் சேரும். கூலன்ட் சீக்கிரம் கொதிக்காது, துருவையும் தடுக்கும். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டியதும் இப்போதுதான். ஏற்றத்தில் சூட்டுமானி முள் ஏறினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடச் சொல்கிறார். கத்திரி வெயிலில் ஹீட்டரா என்று சிரிப்பு வரும். ஆனால் ஹீட்டர் இன்ஜின் சூட்டைத்தான் எடுத்து நம்மேல் விடுகிறது. நாம் வேர்த்தால் அது ஆறும். அப்படியும் முள் இறங்காவிட்டால் ஓரம்கட்டுவதுதான் வழி. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடக் கூடாது.

வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று பலர் நம்புகிறோம். நானும் நம்பினேன். காற்று குறைந்த டயர்தான் ஓடும்போது அதிகம் மடங்கி, அதிகம் சூடாகி வெடிக்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பதே சரி. ஆடியில் புழுதிக்காற்று, ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் போதும்.

மழைக்கு முன்னால்தான் பெரிய சோதனை. கோடை முழுக்க வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர், ஐப்பசி மழையில் கண்ணாடியைத் துடைக்காது, கீறும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது காருக்குச் சட்டம். பள்ளத்தின் அடியில் சிறு மேடாக அதற்கு அடையாளமே வைத்திருக்கிறார்கள். மேடும் பட்டனும் சமமானால் டயர் முடிந்தது. “அது சட்டத்துக்கு சார். மழைக்கு அதுல ரெட்டிப்பு வேணும்” என்கிறார். பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். நெடுநாள் காய்ந்த ரோட்டில் விழும் முதல் தூறல் அடைமழையைவிட மோசம். புழுதியும் சிந்திய ஆயிலும் குழம்பி வழுக்கும்.

மலையில் பெய்தால் ஒடுகத்தூரை ஒட்டி ஓடும் உத்திரகாவேரி ஆற்றில் தண்ணீர் வரும். 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று இந்த மாவட்டம் பார்த்தது. தரைப்பாலத்தின் மேல் ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவுகூட வேண்டாம், ஓர் அடி இருந்தாலே சின்ன காரைத் தூக்கிவிடும். நிற்கிற தண்ணீரைத் தாண்டி வந்தால், பிரேக்கை மெல்ல இரண்டு மூன்று தரம் தொட்டு உலர்த்திவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். மார்கழிப் பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம்மில்தான் ரோடு தெரியும்.

எந்த மாதமானாலும் மாறாத பாடம் ஒன்று உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு ஓய்வு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் இறங்கும்போது எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடக் கொஞ்சம் குடிக்கும். சாவியை அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்யூமும், பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போய்விடும். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி நகரப் படும் பாடு, ஏறினவனுக்குத்தான் தெரியும்.

இந்த மலையில் இதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு கிடையாது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் பக்கம் செம்பரை மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. வண்டி போக ரோடு இல்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு நடந்தார். ரோடு வந்த ஊருக்கு அடுத்த தேவை, இறக்கத்தில் நிற்கிற வண்டி. சாமையும் புளியும் பலாவும் ஏற்றி இறங்கும் பிக்கப்புகளிலும் குட்டியானைகளிலும்தான் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வண்டிகளின் வீல் நட்டை அண்ணன் முடுக்குவதைப் பாருங்கள். ஒன்றை முடுக்கி அடுத்ததற்குப் போக மாட்டார், எதிர் நட்டுக்குப் போவார். ஜாக்கியை இறக்கிவிட்டு இன்னொரு சுற்று. அவருடைய வேலை நன்றாக இருந்தால் மலையில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் கைதட்டுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். இத்தனை மாதக் கணக்கையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் என்ன செய்வது? “ஆயுத பூஜைக்கு வண்டி கழுவறீங்க இல்ல?” என்றார். யோசித்துப் பார்த்தால், வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் ஒவ்வொரு வருடமும் அந்தப் பூஜை வருகிறது. வண்டியைக் கழுவி, உள்ளிருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றிப் பொட்டு வைக்கிறோம். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம். அடுத்த முறை குனியும்போது, பழத்தை வைத்த கையோடு டயர் பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள், பக்கச் சுவரில் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்குவது அப்புறம்.