உம்மாவின் டம்ளரும் மாமியின் கோப்பையும்

மேலப்பாளையத்தில் என் உம்மா வைக்கும் மாட்டெலும்புச் சூப் டம்ளரில் வரும். புத்தளத்தில் என் மாமி வைப்பது கோப்பையில் வரும். உம்மாவுடையதைச் சோற்றுக்கு முன்னால் ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். சளி பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதுதான் மருந்து. மாமியுடையதைக் கரண்டியால் அள்ளி, பாணைப் பிய்த்துத் தோய்த்து, அதையே இராச் சாப்பாடாக முடித்துக்கொள்ளலாம். கல்யாணமாகிக் கடல் தாண்டிய புதிதில் இதை ருசி வித்தியாசம் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்குப் பிரஷர் ஏறி, உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்த பிறகுதான் இரண்டு சட்டிகளையும் உப்புக் கணக்கோடு பார்க்கத் தொடங்கினேன்.

உம்மா கறிக்கடையில் நெஞ்செலும்பு கேட்டு வாங்குவார். சதை கொஞ்சம்தான் ஒட்டியிருக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் ஏற்றிவிடுவார். அது வேகும் நேரத்தில் மிளகு, சீரகம், சோம்பு, மல்லியை வெறும் சட்டியில் வறுத்து உரலில் ஒன்றிரண்டாக இடிப்பார். அந்த இடிப்புதான் உம்மாவின் கைப்பக்குவம். தூளாக வாங்கிப் போட்டால் காரம் மட்டும் நிற்கும். இடித்துப் போட்டால் வாசனை மூக்கில் ஏறி, தொண்டையில் மிளகு பிடித்து, தக்காளிப் புளிப்பு நாக்கில் நிற்கும். உப்பு அரைப்பங்கு குறைந்தாலும் சட்டென்று தெரியாது. ஆனால் அது வயிற்றை நிறைக்காது. டம்ளரை வைத்ததும் சோறு, சோற்றுக்கு ஊறுகாய், அப்பளம் என்று வந்துவிடும். சூப்பில் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் அங்கே திரும்பிவிடுகிறது.

மாமியின் சட்டியில் எலும்போடு இறைச்சித் துண்டுகளும் உண்டு. நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, ஒரு தண்டு செலரி. ஒரு துண்டு கறுவா, ரம்பை இலை, உள்ளி. மிளகு பெயருக்குத்தான். அடுப்பைக் குறைத்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுவார். எலும்பையும் சவ்வையும் பிடித்திருக்கும் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாக இறங்கும். ஆறினால் சூப் தளதளவென்று உறையும். உதட்டில் ஒட்டும் அந்தப் பசைதான் ஒரு சூப்பைச் சாப்பாடாக்குகிறது. இத்தனை பொறுமையாகச் செய்துவிட்டு, இறக்குகிற நேரத்தில் மாமி இரண்டு சூப் கட்டிகளை உடைத்துப் போடுவார். எனக்கு மனம் பொறுக்காத இடம் அதுதான். இன்றைக்குத் திருநெல்வேலிப் பக்கமும் அந்தக் கட்டி எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது.

கணக்குப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைந்த உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்கும் குறைந்த சோடியம். 10 கிராம் சூப் கட்டியில் ஏறத்தாழப் பாதி உப்புதான். இரண்டு கட்டி போட்ட சூப்பை எட்டுக் கோப்பையாகப் பிரித்தால் ஒரு கோப்பைக்குக் கட்டியிலிருந்து மட்டும் 500 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் சேரும். கட்டியே இல்லாமல் அரைத் தேக்கரண்டி தூளுப்பு மட்டும் போட்டால் கோப்பைக்கு 150 ஆகும். இறைச்சியிலும் கரட்டிலும் செலரியிலும் இயல்பாகவே உள்ள சோடியத்தைச் சேர்த்தாலும் 200ஐ ஒட்டித்தான் வரும். பாணிலும் உப்பு இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாமாவுக்கு இப்போது ஒரு துண்டுதான், பட்டர் இல்லை.

என் சட்டியில் இரண்டு ஊரும் சேர்ந்திருக்கின்றன. எலும்பை முதலில் ஒரு கொதி கொதிக்கவிட்டு, திரளும் நுரையை வழித்துவிடுகிறேன். இறைச்சித் துண்டுகளைத் தனியாக, துளி எண்ணெயில், ஓரம் சிவக்க வதக்கிப் போடுகிறேன். கட்டி கொடுத்துவந்த ருசியில் பெரும்பங்கு அந்தச் சிவப்பிலேயே கிடைத்துவிடுகிறது. மாமி போல மெல்லிய தீயும் நிறைய மரக்கறியும். கிழங்கில் ஒன்றிரண்டை மசித்துவிட்டால் சாறு கெட்டியாகும். முக்கால் பதம் வந்ததும் உம்மாவின் இடிப்பு. உப்பு கடைசியில்தான், அளந்துதான். முதலிலேயே போட்டால் தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறிவிடும். கல்லுப்பைத் தேக்கரண்டியில் அளக்கவும் கூடாது. கல்லின் பருமனைப் பொறுத்து எடை மாறும். இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவேன். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வாசனை போய்விடும்.

கறி சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்புப் போடுகிறவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். பெயரிலேயே இருக்கிறது, அதுவும் சோடியம்தான். அதற்குப் பதில் நாலு துண்டு பப்பாசிக்காய் போடலாம். எங்கள் ஊரில் பப்பாளிக்காய். இந்தியாவில் பல மாநிலங்களில் பசுவதைத் தடை இருப்பதால் பீஃப் என்று கிடைப்பது பெரும்பாலும் எருமைக்கறி. கொழுப்புக் குறைவு, முற்றிய கறி என்றால் நார் முரடு; அதற்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமியோடு வாதாடினேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிவந்திருந்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத்தையே பாதிக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடும் ஆகாது. டாக்டரிடம் கேட்காமல் அதைத் திறக்கக் கூடாது என்று எடுத்து மேல்தட்டில் வைத்தேன்.

முதல் வாரம் மாமா கோப்பையைப் பாதியில் தள்ளி வைத்தார். "தண்ணி மாதிரி இருக்கு மகள்" என்றார். நாக்கு பழகச் சில வாரம் பிடிக்கும் என்று நானும் விடவில்லை. இப்போது மிஞ்சியதை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, அரைக் கோப்பை வெந்நீர் விட்டுச் சூடாக்கிப் புதிதாக மிளகு இடித்துத் தூவுகிறேன். மாமா கேட்டு வாங்கிக் குடிப்பது இந்த இரண்டாம் நாள் சூப்பைத்தான். அதை டம்ளரில்தான் கேட்கிறார்.