ஆறு நாள் வரவு: கடலைப் பெருக்கும் கனவைப் பற்றி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "கடல்ல பிளாஸ்டிக் அள்ளுற மிஷின் பண்ணலாம்மா" என்றேன். அவள் மூஞ்சியைச் சுளித்தாள். "அதை எல்லாரும் பண்றாங்கப்பா. போன வருஷமே மூணு பேர் வச்சிருந்தாங்க. அது இருக்கட்டும், நெதர்லாந்துல ஒருத்தர் நிஜமாவே பண்ணாரே, அவர் கடலை சுத்தம் பண்ணிட்டாரா?"

எனக்கு சட்டென்று பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும். ஏனென்றால் 2014இல் 'தி ஓஷன் கிளீனப்' இணையம் வழியாகப் பணம் திரட்டியபோது நானும் கொஞ்சம் காசு போட்டேன். அலுவலகத்தில் பத்து பேருக்கு அந்த வீடியோவை அனுப்பி, "இதுதான் இன்ஜினியரிங்" என்று பெருமையாக எழுதியும் வைத்தேன். அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று ஒழுங்காகத் தேடிப் பார்க்கவே இல்லை. காசு கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அதனால் இந்தப் பதிவு. அந்தப் பேச்சை மறுபடியும் கேட்டேன், பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து படித்தேன். நான் கடலியல் படித்தவன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு என்ன சொன்னது

2012 அக்டோபரில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு டெட்எக்ஸ் மேடை. பேசியவர் போயன் ஸ்லாட், அப்போது வயசு 18. கிரீஸில் டைவிங் போனபோது மீனை விட பிளாஸ்டிக் பைகளை அதிகம் பார்த்ததாக ஆரம்பிப்பார். பத்துப் பன்னிரண்டு நிமிஷப் பேச்சுதான். இன்றைக்குக் கேட்டாலும் கைதட்டத் தோன்றுகிறது.

அடிப்படை யோசனை ரொம்ப அழகு. குப்பையைத் தேடி நாம் ஏன் போக வேண்டும்? கடல் நீரோட்டம் எப்படியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மிதக்கும் தடுப்பை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால் குப்பை தானாக வந்து சேரும். கடலே கடலைச் சுத்தம் செய்யும்.

பேச்சில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, கப்பலும் வலையும் வைத்து அள்ளுவது வேலைக்கு ஆகாது. 79,000 வருஷம் ஆகும் என்று ஒரு மதிப்பீட்டைச் சொல்லி, தன் முறையில் ஐந்தே வருஷம் போதும் என்கிறார். இரண்டு, ஐந்து பெருஞ்சுழல்களிலும் அள்ள வேண்டியது 72.5 லட்சம் டன். மூன்று, அள்ளியதை விற்றாலே செலவுக்கு மேல் வரும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: தானாக வரும்

2014இல் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. அதில் கணக்கு கொஞ்சம் அடக்கமாகியிருந்தது: கடலடியில் நங்கூரமிட்ட 100 கிலோமீட்டர் தடுப்பு, பத்து வருஷத்தில் பசிபிக் குப்பைத் திட்டின் 42 சதவீதம். கிம் மார்ட்டினி, மிரியம் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு கடலியலாளர்கள் அதை வரிவரியாகப் படித்து விமர்சனம் எழுதினார்கள். அந்த ஆழத்தில் நங்கூரத்துக்கு வரும் இழுவையைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள், தடுப்பில் பாசியும் கொட்டலசும் ஒட்டி கனம் ஏறும், மிதந்து வாழும் உயிர்கள் மாட்டும் என்றார்கள். எங்கள் துறையில் கோட் ரிவ்யூ என்போமே, அதே மாதிரி நிதானமான வேலை. நான் அன்றைக்கு அதைப் படிக்கவில்லை. படித்தவர்கள் சொன்னபோது 'குறை சொல்றதுக்குன்னே ஒரு கூட்டம்' என்று ஒதுக்கிவிட்டேன்.

2017இல் நங்கூரம் கைவிடப்பட்டது. 2018 செப்டம்பரில் 'வில்சன்' என்ற 600 மீட்டர் தடுப்பு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து போனது. அது மிதந்த வேகமும் பிளாஸ்டிக் மிதந்த வேகமும் போதுமான அளவு வேறுபடவில்லை, அதனால் உள்ளே வந்த குப்பை வெளியே போய்விட்டது. டிசம்பர் கடைசியில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முனை உடைந்து கழன்றது. ஹவாய்க்கு இழுத்து வந்தார்கள். 2019இல் பாராசூட் மாதிரி ஒரு கடல் நங்கூரத்தைக் கட்டி வேகத்தைக் குறைத்தபோது குப்பை நின்றது. 2021இல் வந்த 'ஜென்னி' 800 மீட்டர். 2023இல் வந்தது சுமார் 2.2 கிலோமீட்டர்.

தோற்றதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். முதல் வெர்ஷனே ஓடும் என்று நினைப்பவன் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. உடைந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார்கள், அதுவும் பெரிய விஷயம். ஆனால் ஜென்னியை எது இழுத்தது என்று பாருங்கள். இரண்டு கப்பல்கள். நடுவில் ஒரு நீள வலை. 2012இல் எது வேலைக்கு ஆகாது என்று மேடையில் தள்ளிவைத்தாரோ, சுற்றி வளைத்து அங்கேயே வந்து நின்றிருக்கிறார்கள். 'தானாக வரும்' என்பதுதான் முழு யோசனையே. அது போய்விட்டது, பெயரும் ஆதரவும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. எங்கள் ஆபீஸில் இதற்கு ஸ்கோப் மாறிவிட்டது என்று சொல்லி, கஸ்டமரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்குவோம்.

இரண்டாவது வாதம்: எவ்வளவு இருக்கிறது

மார்கஸ் எரிக்சன் குழு 2014இல் வெளியிட்ட கணக்கின்படி உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் மேற்பரப்பில் மிதப்பது சுமார் 2.69 லட்சம் டன். பேச்சில் வந்த 72.5 லட்சத்தோடு ஒப்பிட்டால் 27இல் ஒரு பங்கு. 2018இல் ஓஷன் கிளீனப்பின் ஆய்வாளர் லோரான் லெப்ரெட்டோன் தலைமையில் வந்த கட்டுரை, பசிபிக் திட்டு மட்டும் 16 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் 79,000 டன் என்றது.

இதை வகுத்துப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு சராசரியாக ஐம்பது கிலோ. தமிழ்நாட்டைப் போல பன்னிரண்டு மடங்கு பரப்பில் ஆங்காங்கே ஒரு மூட்டை. 'குப்பைத் தீவு' என்று பத்திரிகைகள் போட்ட படங்களை மறந்துவிடுங்கள். நடக்க முடிகிற தீவு அங்கே இல்லை.

இனி வரவைப் பார்ப்போம். ஜென்னா ஜம்பெக் குழுவின் 2015 கட்டுரைப்படி, 2010ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 1.27 கோடி டன் வரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 13,000 டன். அப்படியானால் பசிபிக் திட்டு முழுவதும் ஆறு நாள் வரவு! ஆறுகள் வழியாக வருவதை மட்டும் எடுத்தால் (2021 மதிப்பீட்டில் குறைந்த அளவு ஆண்டுக்கு 8 லட்சம் டன்) 36 நாள் வரவு. எப்படிப் போட்டாலும் பத்து வருஷம் பாடுபட்டு அள்ளுவது சில வாரத்து வரவைத்தான்.

மீதி எங்கே போகிறது? நிறைய கரையிலேயே ஒதுங்குகிறது, மணலில் புதைகிறது, மறுபடி அலை எடுத்துப் போகிறது, கொஞ்சம் மூழ்குகிறது. நடுக்கடலுக்குப் போய்ச் சேருவது சொற்பம். அதனால் கரையிலும் ஆற்று முகத்திலும் ஒரு கிலோ எடுப்பது சுலபம், மலிவு.

மூன்றாவது வாதம்: விற்றால் செலவு வந்துவிடும்

2020இல் அள்ளிய பிளாஸ்டிக்கில் கூலிங் கிளாஸ் செய்து 199 டாலருக்கு விற்றார்கள். 2024 செப்டம்பரில் புதுக் கணக்கு வந்தது: பத்து வருஷம், 750 கோடி டாலர். அதை 79,000 டன்னால் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 95 டாலர், நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய். லாபம் வரும் என்ற பேச்சு இப்போது இல்லை.

அவர்களுடைய தரவே சொல்வது

நான் படித்ததில் ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். 2018 கட்டுரையில் திட்டின் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். 2022இல் அதே லெப்ரெட்டோன் குழு, திட்டிலிருந்து எடுத்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பொருட்களை ஆராய்ந்தது. மிதவை, பெட்டி, விலாங்கு பிடிக்கும் கூண்டின் பாகம் என்று நிறைய மீன்பிடித் தொழிலின் சாமான்கள். மிதக்கும் பிளாஸ்டிக்கில் 75 முதல் 86 சதவீதம் வரை கடலிலேயே நடக்கும் மீன்பிடித்தலிலிருந்து வந்திருக்கலாம் என்றது. அடையாளம் தெரிந்த பொருட்கள் ஜப்பான், சீனா, தென்கொரியா, அமெரிக்கா, தைவான் என்று பெரிய மீன்பிடித் தொழில் உள்ள இடங்களைக் காட்டின.

அதாவது நாம் நினைத்துக்கொண்டிருந்த கதை, ஏழை நாட்டு ஆற்றில் போட்ட பை நடுப்பசிபிக்கில் மிதக்கிறது என்ற கதை, அந்தத் திட்டுக்குப் பொருந்தவில்லை. இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஆற்றுக் குப்பை கரையைக் கெடுக்கிறது. வலைக் குப்பை நடுக்கடலைக் கெடுக்கிறது. ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றதற்கு ஆகாது. இரண்டாவதற்கு வலைகளுக்கு அடையாளக் குறி, துறைமுகத்தில் பழைய வலையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்று சலிப்பூட்டும் வேலைகள் வேண்டும். அதற்கு யாரும் மேடையில் கைதட்டுவதில்லை.

தங்கள் கதைக்கு எதிராகப் போகும் இந்தத் தரவை அவர்களே வெளியிட்டார்கள். இந்த நேர்மைக்காகவே நான் போட்ட காசு வீண் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: அந்த நீர்ப்பரப்பு வெறும் குப்பைத்தொட்டி இல்லை. நீலப் பொத்தான் ஜெல்லி, ஊதா நத்தை, பாய்மரம் போல நிற்கும் வெலெல்லா என்று மேற்பரப்பிலேயே மிதந்து வாழும் உயிர்கள் அங்கே இருக்கின்றன. ரெபெக்கா ஹெல்ம் உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் அதிகம் சேரும் இடத்தில் இவற்றில் சில வகைகளும் அதிகமாக இருந்தன. குப்பையைச் சேர்க்கும் நீரோட்டம்தான் அவற்றையும் சேர்க்கிறது. வலை எதை எடுக்கும், எதை விடும்?

அப்போ அள்ளவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. திட்டின் எடையில் 92 சதவீதம் அரை சென்டிமீட்டரை விடப் பெரிய துண்டுகள். இன்றைக்கு எடுக்காவிட்டால் அவை நொறுங்கி, பிறகு எடுக்கவே முடியாத துகளாகிவிடும். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. குறிப்பாக, ஆமையையும் சீலையும் சிக்கவைக்கும் வலைகளை எடுப்பது நல்ல காரியம்தான். என் விமர்சனம் வேலை மீது இல்லை, 'முடித்துவிடுவோம்' என்ற சொல் மீது.

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 மே மாதத்திலிருந்து ஒரு குப்பைச் சக்கரம் ஓடுகிறது. ஜான் கெல்லட் என்பவர் வடிவமைத்தது. ஆற்று முகத்தில் தடுப்பு, நீரோட்டத்திலும் சூரிய மின்சாரத்திலும் சுற்றும் சக்கரம், குப்பையை மேலே ஏற்றும் பட்டை. இரண்டு பெரிய கண்களை ஒட்டி 'மிஸ்டர் டிராஷ் வீல்' என்று பெயரும் வைத்தார்கள். 'தானாக வரும்' என்ற யோசனை உண்மையில் வேலை செய்யும் இடம் அதுதான். முக்கியமாக, என்ன வருகிறது என்று எண்ணி எழுதி வைக்கிறார்கள். மேரிலாந்து மாநிலம் 2019இல் தெர்மோகோல் உணவுப் பெட்டிகளுக்குத் தடை கொண்டுவந்தபோது அந்த எண்ணிக்கையும் ஓர் ஆதாரமாக இருந்தது. ஓஷன் கிளீனப்பும் 2019இலேயே ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. நம் ஆட்கள் நிறைய வாழும் மலேசியாவின் கிள்ளான் ஆற்றில் அவர்களுடைய படகு ஒன்று நிற்கிறது. அந்த வேலையை மனசாரப் பாராட்டுவேன்.

ஆனால் 'அள்ளிவிடலாம்' என்ற கதை யாருக்கெல்லாம் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் கோகோ கோலா அந்த ஆற்றுத் திட்டத்தில் பங்காளியானது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலகப் பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு முடிவில்லாமல் கலைந்தது. பெரிய சண்டைகளில் ஒன்று உற்பத்திக்கு வரம்பு வைப்பதா, குப்பை மேலாண்மை போதுமா என்பது. எண்ணெய் நாடுகள் குப்பையைப் பற்றி மட்டும் பேசலாம் என்றன. ஸ்லாட் இதைச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் 'இயந்திரம் வந்துவிட்டது' என்று நம்பிய என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் அந்த வாதத்துக்கு வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டாள். "சரிப்பா, நான் மிஷின் பண்ணல, எண்ணப் போறேன்" என்றாள். இப்போது சனிக்கிழமை காலையில் அடையாறு முகத்துவாரம் பக்கம் போகிறோம். நூறு அடி நடந்து கண்ணில் படுவதை நோட்டில் கோடு போடுகிறாள்: மூடி, கவர், செருப்பு, கயிறு, வலைத்துண்டு. பெயரும் தெரிந்தால் கம்பெனி வாரியாகத் தனிப் பத்தி. அந்தப் பத்தி என் யோசனை இல்லை, அவளுடையது. அவள் எண்ணி முடிக்கும் வரை நான் சாக்குப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.