சம்பளத்தில் பிடித்த கோயில் பணம்

மலேசியாவின் நீலாய், லாபு பக்கம் பால்மரக் காடாகக் கிடந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள். தொழிலாளர் லயங்கள் போய்விட்டன, அங்கங்கே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. நேற்றுவரை அது தோட்டக் கோயில். நிலம் கைமாறியதும் 'சட்டவிரோதக் கோயில்'. கும்பிடும் உரிமையை அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு தருகிறது. கும்பிடும் மண்ணின் உரிமைப் பத்திரமான கிராண்டோ வேறொருவர் பெயரில் இருக்கிறது.

இந்த இடைவெளியை விடாமல் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஆண்ட்ரு வில்ஃபோர்ட். 2006இல் வந்த அவரது 'கேஜ் ஆஃப் ஃப்ரீடம்' நூல் நகரத் தமிழரின் சமய எழுச்சியையும் தைப்பூசத்தையும் பேசியது. 2014இல் வந்த 'தமிழ்ஸ் அண்ட் த ஹாண்டிங் ஆஃப் ஜஸ்டிஸ்' தோட்டங்களிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்களைத் தேடிப் போனது. அவருடைய களம் பெரும்பாலும் பக்கத்து மாநிலமான சிலாங்கூர். ஆனால் அவர் எழுப்பும் கேள்விக்கு மாநில எல்லை கிடையாது.

கோயில் இடிபடும்போது எழும் அழுகையை அவர் பழமைவாதம் என்று ஒதுக்கவில்லை. அதில் ஒரு வழக்கைக் கேட்டார். காடழித்தவர்கள் நாங்கள், சாமியும் நாங்கள் வைத்தது என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, நியாயத்தில் உண்டு. சட்டம் வேறு, நீதி வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி டெரிடாவின் சிந்தனை இங்கே அவருக்குக் கைகொடுக்கிறது. டெரிடா அல்ஜீரியாவில் பிறந்த யூதர். 1942இல், யூதப் பிள்ளை என்பதால், சட்டப்படியே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அப்படிப்பட்டவரின் சிந்தனை தோட்டத்து மாரியம்மனுக்குத் துணை வருவது பொருத்தம்தான்.

ஆனால் துணைக்கு வந்தவர் சில பக்கங்களில் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். டெரிடாவும் ஃப்ராய்டும் பேசப் பேச, பால் வெட்டிய அம்மாவின் குரல் மங்குகிறது. இழப்பு என்ற ஒரே விளக்கொளியில் பார்ப்பதால் பழைய தோட்டம் கொஞ்சம் அழகாகவும் தெரிகிறது. அந்தக் கோயிலில் எல்லாரும் சமமாக நின்றார்களா? முதல் மரியாதை யாருக்கு, தள்ளி நின்றவர் யார்? மலேசியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984லேயே எழுதிய நூலை அருகில் வைத்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. தோட்டத்து மக்கள் நினைவை மட்டும் சுமந்தவர்கள் அல்லர், கணக்கும் வைத்தவர்கள். பல தோட்டங்களில் கோயில் பணம் மாதச் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. தோட்டக் கணக்கரான கிராணி எழுதிய அந்தச் சில வெள்ளிதான் கோபுரமானது, திருவிழாவானது. இன்று கோயில் கமிட்டிக்காரர் நில அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கும் கோப்போடு அலைகிறார்; மாற்று நிலம் கேட்கிறார், பேரம் பேசுகிறார். அவர் கையில் இருப்பது வில்ஃபோர்டின் நூல் தலைப்பில் உலவும் ஆவி அல்ல, ரசீது.

வில்ஃபோர்ட் அந்த வழக்கின் வலியை உலகுக்குச் சொல்லிவிட்டார். சாட்சியங்களைத் திரட்டும் வேலை மிச்சமிருக்கிறது. அது நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடக்கும் சம்பளச் சீட்டுகளிலிருந்து தொடங்கலாம்.