யாருடைய திறமை?

"மாமா, இது சூதாட்டம் இல்லை. திறமை வெளாட்டுன்னு கோர்ட்டே சொல்லியாச்சுல்லா" என்றான் என் தங்கை மகன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறவன். அந்தப் பயணத்தில் போனை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் போக்கர் பழகியிருக்கிறான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. போனில் ஆட்டம் நின்றதே தவிர கை அரிப்பு நிற்கவில்லை. கோவாவில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பல் ஒன்றில் நடக்கப்போகும் போக்கர் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று இப்போது கேட்கிறான். நுழைவுக் கட்டணம் 60,000 ரூபாய். நேரில் ஒரு மேசையில் உட்கார்ந்து அவன் ஆடியதே இல்லை.

நாஞ்சில் நாட்டில் மருமகன் மாமனிடம் புத்தி கேட்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1926இல் சட்டம் வந்து மருமக்கள் வழியை முடித்து வைக்கும்வரை மாமன் சொத்து மருமகனுக்குத்தான். அந்தக் காலமாக இருந்தால் அவன் தோற்கும் பணம் என் பணம். இன்று அவன் பணம் அவனுடையது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே யோசிக்க முடிந்தது.

கோர்ட் சொன்னது உண்மைதான். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள்மீது போட்ட வழக்கு அது. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றுவரை எல்லாச் சீட்டாட்ட வழக்குகளும் நடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த இரண்டாவது சட்டம் ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடி சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதை நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சேர்த்திருந்த அட்டவணையை அடித்துவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் மட்டும் 2017இல் போக்கர் சூதாட்டமே என்றது.

இத்தனை தீர்ப்புகளிலும் நீதிபதிகள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்டத்தை அரசு தடுக்கலாமா? நேற்றுப் பழகியவன் இதில் பணம் கட்டி உட்காரலாமா என்று யாரும் வழக்குப் போடவில்லை. திறமை மேலோங்கிய ஆட்டம் என்றால், திறமை குறைந்தவன் தோற்பான் என்றுதானே அர்த்தம்? என் மருமகன் சர்டிபிகேட் என்று காட்டும் காகிதத்தை நான் எச்சரிக்கைப் பலகையாகப் படிக்கிறேன்.

எல்லையோர மாவட்டத்துக்காரர்களுக்கு இதை லாட்டரி வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் ஒழிந்தது. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை போனால் கேரள அரசே 1967 முதல் சீட்டு விற்கிறது. ஓணம் பம்பர் 500 ரூபாய். 2022இல் முதல் பரிசு 25 கோடி. புள்ளியியல் பேராசிரியரும் வாழைக்குலை சுமக்கிறவரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்தால் இருவருக்கும் ஒரே வாய்ப்பு. லாட்டரியில் புதியவன் என்று ஒருவன் கிடையாது. மோசமான பேரம்தான், ஆனாலும் எல்லோருக்கும் ஒரே அளவுக்கு மோசம். போக்கரில் அப்படி இல்லை. அங்கே ஒருவனுடைய அறியாமை இன்னொருவனுடைய வருமானம். இருபது வருடம் பழகியவனுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? கேசினோ அவனுக்குக் கொடுப்பதில்லை. முதல்முறை வந்தவனின் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது.

இருந்தாலும் போட்டி என்ற வடிவத்துக்கு நியாயமான சில நற்குணங்கள் இருக்கின்றன. அதை மறைத்துப் பேசினால் மருமகன் என்னை நம்பமாட்டான். முதலாவது, நஷ்டத்துக்கு ஒரு தரை உண்டு. கட்டிய பணத்துக்கு எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் சிப்ஸ். அது தீர்ந்தால் எழுந்து வர வேண்டியதுதான். ரூலெட் மேசையிலோ, மேலும் மேலும் பணம் போட்டு ஆடும் கேஷ் கேமிலோ அந்தத் தரை இல்லை, பை காலியாகும்வரை போகலாம். அடுத்தது, எதிரில் இருப்பவன் மனிதன். சக்கரத்திடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, மனிதனிடமிருந்து கற்கலாம். குறுகிய காலத்தில் அதிர்ஷ்டத்துக்கும் நிறைய இடம் இருக்கிறது. கையில் இரண்டு ஆஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் எல்லாச் சிப்ஸையும் நடுவில் தள்ளினால் ஆஸ் நூற்றுக்கு 82 தடவை ஜெயிக்கும். இவ்வளவு நல்ல நிலையிலேயே ஐந்து முறை தொடர்ந்து தப்பிக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். வல்லவனும் விழுவான், அந்தச் சந்தில் புதியவன் நுழையலாம்.

அப்படி நுழைந்தவர்களில் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் கிறிஸ் மணிமேக்கர். நிஜமாகவே குடும்பப் பெயர் அதுதான். கணக்காளர். 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள போக்கர் உலகத் தொடர்ப் போட்டிக்கு, நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிச் சுற்று ஒன்றின் வழியாகப் போய், 2003இல் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள். அடுத்த ஆண்டு 2,576. 2006இல் 8,773. அவரைப் பார்த்துத்தான் உலகமே மேசைக்கு வந்தது. என் மருமகன் போனிலும் அவர் படம் இருக்கிறது. அந்த 839இல் மீதி 838 பேர் படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மணிமேக்கர் செய்த இன்னொரு காரியமும் படத்தில் தெரிவதில்லை: தன் பரிசில் ஒரு பகுதியை முன்கூட்டியே அப்பாவுக்கும் ஒரு நண்பருக்கும் விற்றுவிட்டுத்தான் அவர் போனார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனிக் கணக்கு. கணக்கு எளிதாக இருக்க, ஒரு பேச்சுக்கு நுழைவுக் கட்டணம் 50,000. அதில் பத்தில் ஒரு பங்கு கேசினோவின் கூலி. பரிசுப் பானைக்குப் போவது 45,000. ஆடுகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. எல்லோரும் ஒரே தரம் என்று வைத்தால் சராசரி ஆட்டக்காரனுக்கு நெடுநாள் கணக்கில் திரும்பி வருவது 45,000. இதில் இந்திய வருமான வரி குறுக்கே வருகிறது. சீட்டாட்டப் பரிசுக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ், சேர்த்தால் 31.2. அடிப்படை விலக்கு கிடையாது. செலவுக் கழிவு கிடையாது. ஒன்பது போட்டியில் தோற்றுப் பத்தாவதில் ஜெயித்தாலும் ஒன்பதின் நஷ்டத்தைக் காட்ட முடியாது. 45,000 இப்போது 31,000 ஆகிறது. முதலுக்கு மோசமில்லாமல் தப்பவே ஒருவன் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஜெயிக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். போட்டியில் சேரக் கட்டும் பணத்தின் மீதே அது விழும். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மட்காவ் வரை ரயில், பனாஜியில் அறை, இரண்டு நாள் விடுப்பு, எதையும் சேர்க்கவில்லை.

இன்னொன்று. சராசரி ஆட்டக்காரனுக்கே பத்துப் போட்டி தொடர்ந்து பரிசில்லாமல் போக ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துப் போட்டிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறவன் அதைத் தாங்குவான். ஒரே ஒரு போட்டிக்குச் சேமித்த பணத்தோடு போகிறவனுக்கு அந்த ஒன்று எப்படி முடிந்தாலும் தன் ஆட்டத்தைப் பற்றித் தெரிவது ஒன்றுமில்லை. ஜெயித்தால் தான் வல்லவன் என்று நினைப்பான், தோற்றால் சீட்டு சரியில்லை என்பான். எனக்கு முதல் விளைவின்மேல்தான் அதிக பயம்.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவாவின் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் தொண்ணூறுகளில் திருத்தித்தான் முதலில் நட்சத்திர ஓட்டல் எந்திரங்களுக்கும், பிறகு கப்பல் மேசைகளுக்கும் வழி செய்தார்கள். 2020 முதல் கோவாக்காரர்கள் அந்த மேசைகளில் ஆடக்கூடாது. சொந்த ஊர்க்காரனை உட்காரவிடாத பந்திக்கு நாகர்கோவில்காரன் ரயிலேறிப் போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே போட்டியில் தோற்று எழுகிறவன் நேராகக் கரைக்கு வருவதில்லை. படகுக்கு நடக்கிற வழியில் மற்ற மேசைகள் இருக்கின்றன. போட்டியிலேயே பல இடங்களில் ரீ-என்ட்ரி உண்டு: தோற்றவன் மறுபடி பணம் கட்டி உட்காரலாம். முன்னே நான் புகழ்ந்த தரையில் அது ஒரு ஓட்டை. விவரமான ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று கட்டணத்தை முதலிலேயே கணக்கில் வைத்து வருகிறார்கள். அவர்கள் ஆரம்பத்தில் துணிந்து அடிப்பதற்கும் ஒரே உயிரோடு வந்தவன் நடுங்குவதற்கும் இதுவே காரணம்.

நேர் ஆட்டத்தின் வேகமும் வேறு. ஹோல்டெம் வகைப் போக்கரில் கையில் வரும் இரண்டு சீட்டுக்கு 1,326 சேர்க்கைகள். இரண்டும் ஆஸாக வருவது 221 தடவைக்கு ஒருமுறை. டீலர் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு முப்பது கை வந்தால் பெரிது. அப்படியானால் ஜோடி ஆஸுக்காக ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போய் இருக்கிற சிப்ஸைத் தின்றுவிடும். ஆகவே காத்திருக்கவும் முடியாது, கண்டதற்கும் இறங்கவும் முடியாது. எப்போது எதனோடு இறங்குவது என்பதுதான் அந்தத் திறமை. ரயில் இரணியலைத் தாண்டுவதற்குள் போனில் பத்துக் கை பார்த்தவனுக்கு இந்தச் சலிப்பில் பழக்கமே இல்லை.

எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் இருபத்தெட்டு ஆடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 32 சீட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, கூட்டினால் 28. துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவார்கள். கேரளத்தில் தோற்ற கட்சிக்குக் காதில் குணுக்கு மாட்டுவதும் உண்டு. பந்தயம் அவ்வளவுதான், மானம் மட்டும். புதிதாக உட்கார்ந்தவன் தப்பான சீட்டைப் போட்டால் கூட்டாளியே நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அந்த ஏச்சுக்கு ஈடான பள்ளிக்கூடம் கேசினோவில் இல்லை. அங்கே உன் தப்பைக் கண்டவன் வாயைத் திறக்கமாட்டான்; நீ திருந்தினால் அவனுக்குத்தான் நஷ்டம். ஆனால் திண்ணைப் படிப்பிலும் ஒரு குறை இருக்கிறது. இருபத்தெட்டில் வந்த கையை ஆடியே தீர வேண்டும். ஹோல்டெமில் பெரும்பாலான கையை ஆடாமல் கீழே வைப்பதே பாடம். ரம்மிக்காரர்களுக்கு இது கொஞ்சம் தெரியும். இருபது பாயிண்ட் போகட்டும் என்று ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டுவிடுகிறவன்தான் கடைசிவரை நிற்பான்.

நளன் கதையை நினைத்துக்கொள்கிறேன். சூதில் நாடு இழந்த நளன் அயோத்தியில் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் அந்த அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்ததும் அதன் காய்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. சூதாட்டக் காய்களே தான்றிக் கொட்டைகள்தாம். குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையை வாங்கிக்கொண்ட பிறகே நளன் மறுபடி காயுருட்டப் போகிறான், ஜெயிக்கிறான். நம் ஊரில் நளன் கதையைச் சூதின் கேட்டுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். முழுதும் படித்தால் அது முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் இடையில் நடந்த படிப்பைப் பற்றிய கதை.

மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பம் நான் படிச்சாச்சான்னு எப்படித் தெரியும் மாமா?" என்றான். நல்ல கேள்வி. மணிமேக்கர் பங்கு விற்ற கதையைத் திரும்ப எடுத்தேன். எங்கள் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறார்கள். டீசலும் ஐஸும் அரிசியுமாகக் கடலில் இறங்கும் முன்பே லட்சக்கணக்கில் செலவு. வெறுங்கையோடு வருகிற நடையும் உண்டு. அதுவும் துணிந்த காரியம்தான். ஆனால் அந்தப் படகுக்குப் பணம் போடுகிறவன் ஓட்டுகிறவன் யார் என்று பார்த்துத்தான் போடுவான். நேற்று ஏறிய பையன் கையில் சுக்கானைக் கொடுத்தால் ஒரு பைசா புரளாது. போக்கரிலும் பங்கு விற்கும் பழக்கம் உண்டு; ஒருவனுடைய ஆட்டத்தை அறிந்தவர்கள் அவன் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, பரிசில் அதே பகுதியை வாங்கிக்கொள்வார்கள்.

"போனில் உன்கூட ஆடிப் பழகினவங்களிடம் உன் பங்கில் பாதியை விற்றுப் பார் மக்ளே. வாங்க ஆள் இருந்தால் போ. இல்லையென்றால் 60,000 இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஐயாயிரம் ரூபாய்ப் போட்டி ஏதாவது இருக்கும், ரீ-என்ட்ரி இல்லாததாகப் பார்த்து உட்கார்" என்றேன்.

கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான். "நீங்க அஞ்சு சதவீதம் எடுக்கேளா மாமா?" என்றான்.

மூவாயிரம் ரூபாய். உள்ளே போய் எடுத்து வந்தேன். "பங்கு வேண்டாம், வழிச் செலவுக்கு வைத்துக்கொள்" என்று நீட்டினேன். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.